பிணியறியாப் பழுதுபார்ப்பு

மோட்டார் வண்டியொன்று பழுதுற்றக்கால் அப்பழுதின் காரணம் யாதென ஆராயாது, ஐயத்திற்கிடமான உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றியெறிந்து புதியன பூட்டும் வழக்கம் நம் நாட்டிற் பெருகிவிட்டது. இவ்வழக்கம் பொருளுக்குக் கேடாவதோடு உயிருக்கும் கேடாகுமென்பதும், இதன் பழி பட்டறைக்காரரை மட்டுமன்றி வண்டியுடையாரையும் சாருமென்பதும் யாம் ஈண்டு நிலைநாட்டப் புகுந்த கருத்துக்களாம். எல்லாப் பழுதுகளையும் ஒருங்கெடுத்துப் பேசின் பேச்சுக் காற்றோடு போய்விடும். ஆதலின் பவர் ஸ்டியரிங் என்னும் ஓரமைப்பினை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் நோய்களையும் அவற்றை அறியும் நெறியையும் சிறிது விரித்துரைத்து, அதன்வழி எம் கருத்தினை வலியுறுத்துவோம்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்வார்க்குப் பட்டறையில் யாது வேலை என நண்பர் சிலர் நகைத்தல்கூடும். நகைக்க. வண்டியில் ஏறாத தமிழ் மாணவர் ஒருவரையும் யாம் இதுகாறும் கண்டிலேம். அன்றியும் இப்பொருளிற் சொல்லாராய்ச்சிக்கும் இடமுண்டு. ஸ்டியரிங்கைத் தமிழிற் ‘சுக்கான்’ என்பர். மரக்கலத்தின் திசை திருப்பும் பலகைக்கு வழங்கிய அச்சொல் அரபு மொழியினின்று கடல்வழியே நம்மிடம் போந்தது; தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். நல்ல சொல்லே. ஆயினும் பட்டறைக்குச் சென்று ‘சுக்கான் இறுகியுளது’ என்போமாயின், எண்ணெய்க் கையோடு நிற்கும் இளைஞர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பர். ‘ஸ்டியரிங் டைட்டா இருக்கு’ என்பதே அவ்விடத்து வழக்கு. நோயைச் சொல்லுங்கால் மருத்துவர்க்கு விளங்கும் சொல்லாற் சொல்லுதலே தக்கதாகலின், யாமும் இக்கட்டுரையிற் பட்டறை வழக்கையே தழுவுகின்றோம். தூய தமிழன்பர் பொறுத்தருள்க.

வண்டி வளைவிற் செல்லுங்கால் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பலாகாது. உட்சக்கரம் மிகுதியாகவும் புறச்சக்கரம் குறைவாகவும் திரும்பல் வேண்டும். இந்நுட்பத்தினைக் குதிரைவண்டிக்கெனக் கண்டவர் மூனிச் நகரத்து லாங்கென்ஸ்பெர்கர் என்பார். அவர்பொருட்டு இங்கிலாந்தில் 1818-இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். கண்டவர் பெயர் மறைந்து பத்திரம் பெற்றவர் பெயரே நிலைத்துவிட்டது, உலகியல்பு அதுபோலும். பின்னர் மோட்டார் வண்டி தோன்றி எடை மிகுந்தபோது, திருப்புவார் தோள் வருந்திற்று. அமெரிக்காவிற் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்திற் பணியாற்றியிருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்னும் பொறிவல்லார், எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு சக்கரந் திருப்பும் அமைப்பினை 1926-இல் இயக்கிக் காட்டினார். இரண்டாம் உலகப்போரிற் கனத்த கவசவண்டிகளுக்கு அது பயன்பட்டது. விற்பனைக்கு வந்த கார்களுள் 1951-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியலே முதன்முதல் அதனைப் பெற்றது. 1988-இற் சுசூகி நிறுவனம் செர்வோ என்னுஞ் சிறு காரில் எண்ணெயை நீக்கி மின்மோட்டாரைத் துணையாக்கிற்று. இன்று புதியனவாக வரும் கார்களுட் பெரும்பாலன மின்வகையின. பஸ், லாரி முதலிய பெருவண்டிகளிலும் பழைய கார்களிலும் எண்ணெய்வகையே பெரிதும் ஓடுகின்றது.

எண்ணெய்வகையின் இயக்கம் அறிதற்கு அரிதன்று. எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட்டு பம்பைச் சுழற்றும். பம்ப் ஒரு சிறு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, தடித்த ஹோஸ் வழியே ஸ்டியரிங் கியருக்கு அனுப்பும். ஆங்கே ஒரு வால்வும், அதனுள்ளே மெல்லிய இரும்புக்கோல் ஒன்றும் உள. ஓட்டுநர் திருப்பும்போது அக்கோல் சிறிதே முறுக்குண்டு வால்வினைத் திறக்க, எண்ணெய் அப்பக்கத்திற் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளியபின் வேறொரு ஹோஸ் வழியே தொட்டிக்கு மீளும். நின்ற வண்டியைத் திருப்புங்கால் இவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் எண்பது நூறு மடங்கிற்கும் ஏறும்.

இதன்கண் ஒன்றை உற்று நோக்கல் வேண்டும். ஓட்டுநர் கையையும் சக்கரத்தையும் பிணைத்திருப்பது இரும்பு. எண்ணெய் துணை மட்டுமே. பெல்ட்டு அறுந்தாலும், எண்ணெய் முழுதும் ஒழுகினும், எஞ்சின் நின்றாலும் அப்பிணைப்பு அறாது, துணையே அறும். ஸ்டியரிங் பாரமாகும், ஆயின் திரும்பும். ஐக்கிய நாடுகளின் 79-ஆம் ஒழுங்குவிதி இதனைக் கருதியே எழுதப்பட்டது. குறித்ததொரு வளைவிற்குக் காரைத் திருப்பத் துணை நலமாயிருக்கையில் 150 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை வேண்டப்படலாகாது. துணை கெட்டபோது, சற்றே அகன்ற வளைவிற்கு, 300 நியூட்டனுக்கு மேற்படலாகாது. 300 நியூட்டன் என்பது ஏறத்தாழ முப்பது கிலோ எடையைத் தூக்கும் விசை. இது சிறிதன்று, ஆயினும் மனிதர் கைக்கு எட்டாததுமன்று. இதனையறியாத ஓட்டுநர், மலைச்சாலையில் எஞ்சின் நின்றவுடன் ‘ஸ்டியரிங் லாக் ஆகிவிட்டது’ எனத் திகைத்துக் கையை நெகிழ்ப்பாராயின், கொல்வது பழுது அன்று, அறியாமையே. 2014-இல் உற்பத்தி ஒழிந்த அம்பாசிடர் காரைத் துணையேதுமின்றித் தோள்வலியாலேயே பல்லாண்டு ஓட்டிய முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர் வண்டியினும் இக்கால வண்டி துணையிழந்தால் மிகவும் பாரமாகும். துணையுண்டென்னும் துணிவில் இதன் பற்சக்கரங்கள் விரைந்து திரும்புமாறு அமைக்கப்பட்டமையே காரணம். அதனையும் அறிந்திருத்தல் நன்று.

இனி, ஸ்டியரிங் பாரமாயிற்று என்று ஒருவர் முறையிடுவாராயின், பட்டறையில் முதலில் எடுக்கவேண்டுவது ஸ்பேனர் அன்று; வினா. எப்போது பாரமாகிறது? வலப்பக்கமா, இடப்பக்கமா, இருபுறமுமா? நின்ற வண்டியிலா, ஓடும் வண்டியிலா? ஓசை உண்டா? மழை பெய்த நாளிலா? இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடியவர் வண்டியை நாடோறும் ஓட்டுபவரே. எனினும் நாம் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் ஆளை, ஓட்டாத ஓர் ஆளாகப் பார்த்து அனுப்புகின்றோம்.

இருபுறமும் ஒப்பப் பாரமாயின் முதற்கண் முன்டயர்களின் காற்றினை அளக்க. காற்றுக் குறைந்த டயர் தரையோடு மிகுதியும் ஒட்டுதலின் எவ்வளவு நல்ல பம்பும் தளர்ந்ததுபோலத் தோன்றும். இதற்காகும் செலவு ஒன்றுமில்லை. அதனாற்றான் போலும் இதனை ஒருவரும் செய்வதில்லை. டயர் நலமாயின், முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டு நீக்கி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கைத் திருப்புக. சக்கரம் தரை தொடாதபோதும் இறுக்கமாயிருக்குமாயின், குற்றம் எண்ணெயில் இல்லை. பால் ஜாயின்டிலோ, கிங் பின்னிலோ, ஸ்டியரிங் தண்டின் கீழுள்ள மூட்டிலோ துருவேறியுளது எனத் துணியலாம். இச்சோதனை பத்து நிமிடத்திற்கு உட்பட்டது. இதனைச் செய்யாது பம்பை மாற்றியவர், பொருள் போனதன்றி வேறொன்றும் காணார்.

அடுத்து எண்ணெய். தொட்டியின் புறத்தே குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் சூடேறிய நிலைக்கு ஒரு கோடும் இடப்பட்டிருக்கும். குளிர்ந்த வண்டியைச் சூட்டின் கோட்டோடு ஒப்பிட்டுக் குறைவென்று ஊற்றுவார் பலர். அளவோடு நிறத்தையும் பார்த்தல் வேண்டும். செந்நிற எண்ணெய் கறுத்துத் தீய்ந்த மணம் வீசின் அது வெந்துபோயிற்று. நுரைத்திருப்பின் உள்ளே காற்றுப் புகுந்தது. வெள்ளியெனத் துகள் மின்னின் உள்ளே இரும்பு தேய்கின்றது. எந்த எண்ணெய் என்பதும் பொருட்டே. பல வண்டிகள் கியர் பெட்டிக்குரிய சிவப்பு ஏ.டி.எப். எண்ணெயையே ஏற்கும், சில வண்டிகட்குச் செய்தோர் குறித்த தனியெண்ணெய் வேண்டும். மூடியின்மேல் எழுதியிருக்கும். மூடியைப் படியாது கையிற் கிடைத்ததை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பியும் வெடித்தும் கெடும்.

எண்ணெய் குறைந்தால் ஊற்றுக, மீண்டும் குறைந்தால் மீண்டும் ஊற்றுக என்பதே பெரும்பாலோர் கொள்கை. இதனை யாம் வன்மையாக மறுக்கின்றோம். ஸ்டியரிங் எண்ணெய் பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதன்று. மூடிய வழியிற் சுற்றிச்சுற்றி வருவது. அளவு குறையின் எங்கோ கசிகின்றதென்பதே பொருள். கசிவினைக் காணும் வழியும் எளிதே. அழுக்கைத் துடைத்துவிட்டு, இரவில் வண்டியின்கீழ் ஒரு வெள்ளட்டையை விரித்துவைத்தால், விடியலிற் சொட்டிய இடம் தெரியும். ராக்கின் இரு முனைகளிலும் துருத்திபோல் மடிந்த ரப்பர் உறையுண்டு; அதனைக் கையால் அமுக்கும்போது உள்ளே எண்ணெய் தளும்பின் உட்சீல் போயிற்று என்று அறியலாம். உறை உலர்ந்திருந்து ஹோஸின் மூட்டு மட்டும் ஈரமாயிருப்பின், ராக்கைத் தொடவே வேண்டா. மூட்டிலுள்ள வாஷரும் ஹோஸும் போதும். எஞ்சின் ஓடும்போது கசிவினைக் கைவிரலால் தடவித் தேடுதல் ஒருகாலும் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். புகுந்த காயம் வெளியே சிறு புள்ளியாகத் தோன்றி உள்ளே விரலையே அழித்துவிடும். அட்டைத்துண்டை நீட்டிப் பார்த்தலே முறை. கசிவடைக்கும் மருந்தெனப் புட்டியில் விற்பனவற்றைப்பற்றி எம்மைக் கேட்பின், வண்டியை விற்றுவிட எண்ணுவார்க்கே அவை உதவும் என்போம். அவை சீல்களை உப்பச்செய்து சில நாள் தாங்கும். கிழிந்த ஹோஸை அவை தைப்பதில்லை.

பெல்ட்டினைப்பற்றி யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறல் தகும். எம் விடுதி மாணவர் சென்றுவரும் வேன் ஒன்று, சென்ற மழைக்காலத்தில் திருப்பும்போதெல்லாம் கீச்சிட்டுப் பாரமாயிற்று. ஒரு பட்டறையிற் காட்டியபோது பம்பும் ராக்கும் ஒருங்கே மாற்றல் வேண்டுமெனக் கூறி ஐந்திலக்கத் தொகையொன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தனர். வேனை ஓட்டும் அண்ணன் அதற்கிசையவில்லை. “மழை பெஞ்சாத்தான் தம்பி இது இப்படிப் பண்ணுது, வெயில்ல நல்லாத்தானே ஓடுது? ராக்குக்கு மழை தெரியுமா?” என்பது அவர் வாதம். தருக்க நூலார் மகிழத்தக்க வாதம் அது. திறந்து பார்த்தபோது பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோற் பளபளத்திருந்தது. மேலிருந்து எஞ்சின் எண்ணெயும் சொட்டியிருந்தது. நீர் பட்டவுடன் அது பம்பின் சக்கரத்தில் வழுக்கிற்று. எண்ணெய் சொட்டிய இடத்தை அடைத்துப் புதிய பெல்ட்டினைப் பூட்டியபின், அவ்வேன் இன்றளவும் அதே பம்போடும் அதே ராக்கோடும் ஓடுகின்றது. சொட்டிய இடத்தை அடையாது பெல்ட்டினை மட்டும் மாற்றியிருப்பின் அடுத்த மழைக்குப் புதிய பெல்ட்டும் பளபளத்திருக்கும் என்பதையும் கருதுக.

ஓசையும் ஒரு சான்றே. கடைசிவரை திருப்பும்போது கீச்சென்பது பெல்ட்டு. திருப்புந்தோறும் முனகல் எழுந்து எஞ்சினின் வேகத்தோடு ஏறுமாயின், பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை விழுங்குகின்றது எனலாம். தொட்டியில் எண்ணெய் குறைவாலோ, தொட்டியின் அடியிலுள்ள வலை அடைபட்டதாலோ, பம்பிற்கு எண்ணெய் புகும் வாயிலுள்ள சிறு ரப்பர் வளையம் கல்லாய் இறுகியதாலோ இது நேரும். அவ்வளையத்தின் விலை ஒரு தேநீர்ச் செலவினும் பெரிது மிகையன்று. அதன்பொருட்டுப் பம்பு முழுதும் தூக்கியெறியப்படுகின்றது. எண்ணெய்வழியை எதன்பொருட்டுத் திறந்தாலும், மூடியபின் காற்றினை வெளியேற்றல் வேண்டும். முன்சக்கரங்களை உயர்த்தி, எஞ்சினை ஓட்டாது, தொட்டியில் எண்ணெய் குறையாமற் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெல்ல இருபது முறையேனும் திருப்பிக் குமிழி அடங்கியபின்னரே எஞ்சினை எழுப்புக. இதற்குப் பொறுமையின்றி உடனே எஞ்சினை எழுப்புவார்க்கு, எண்ணெய் மோரெனக் கடைபட்டுப் புதிய பம்பும் முனகும். ‘புதிய பம்பும் போலி’ என்று கடைக்காரரை வைவது அதன்பின்.

இவற்றிற்கெல்லாம் பின்னும் பாரம் நீங்காதாயின், குற்றம் பம்பிலா கியரிலா என்னும் வினா எஞ்சும். இங்கேதான் பெரும்பொருள் வீணாகின்றது. இங்கேதான் ஐயத்தை அடியோடு அறுக்கும் கருவியொன்றும் உண்டு. பம்பிற்கும் தடித்த ஹோஸுக்கும் இடையே அழுத்தமானி ஒன்றையும், அதன் பின்னே ஒரு திருகுவால்வையும் பூட்டுக. எண்ணெய் சூடேறியபின் அவ்வால்வினை மூடிப் பார்க்க. ஐந்து விநாடிக்கு மேல் மூடிவைத்தலாகாது. மேற்படின் பம்பு வெந்துபோம். மூடியபோது, செய்தோர் குறித்த அழுத்தம் ஏறுமாயின் பம்பு நிரபராதி. வால்வினைத் திறந்துவிட்டு ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பார்க்கையில் அவ்வழுத்தம் எட்டாதாயின் கியரினுள்ளே எண்ணெய் ஒழுகுகின்றது. மூடியபோதே ஏறாதாயின் குற்றம் பம்பிலோ அதன் அழுத்தவால்விலோ உளது. நீதிமன்றத்தில் இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்தல் போன்றதே இது. எனினும் இக்கருவியை வைத்திருக்கும் பட்டறைகள் சிலவே; வைத்திருப்பனவற்றுள்ளும் எடுத்துப் பூட்டுவன அவற்றினுஞ் சில.

ஒருபுறம் மட்டும் பாரமாயின் அழுத்தமானி வருமுன்னரே கியரின் வால்வினையும் உட்சீலினையும் ஐயுறலாம். பம்பு வலம் இடம் அறியாது. விடியலிற் பாரமாயிருந்து வண்டி சூடேறியபின் இளகும் நோயும் ஒன்றுண்டு. 1980-களில் வந்த அமெரிக்க முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் இது பரவலாகக் காணப்பட்டது. அந்நாட்டுப் பட்டறையார் கருவுற்ற மகளிர்க்கு விடியலில் வரும் மசக்கையின் பெயரையே இதற்கும் இட்டனர். வால்வினைச் சூழ்ந்த அலுமினிய உறையை வளையங்கள் தேய்த்துப் பள்ளமாக்கியதே காரணம். அதற்கு எண்ணெய் மாற்றம் மருந்தாகாது.

வண்டி தானே ஒரு பக்கம் இழுத்தலும், ஸ்டியரிங் வெறுமனே ஆடுதலும் பவர் ஸ்டியரிங்கின் நோய்களெனப் பிழைபடக் கருதப்படுகின்றன. இழுப்புக்குப் பெரும்பாலும் டயரோ, அலைன்மென்டோ, விடாது பற்றிய பிரேக்கோ காரணம். முன்டயர்களை இடவலம் மாற்றிப் பார்க்கும்போது இழுப்பும் பக்கம் மாறின் டயரே குற்றவாளி. ஆட்டம் டை ராடு முனைகளின் தேய்மானம். இதனைமட்டும் நாளைக்கென ஒத்திப்போடலாகாது. மேலே இரும்புப் பிணைப்பென்று யாம் கூறியது அறக்கூடிய இடம் இதுவே.

மின்வகையில் எண்ணெயுமில்லை, பெல்ட்டுமில்லை; ஆயினும் பிணியறியாது மாற்றும் பழக்கம் அங்கும் பின்தொடர்ந்து வந்துவிட்டது. ஓட்டுநர் எவ்வளவு முறுக்குகின்றார் என்பதை ஓர் உணர்கருவி அளந்து சொல்ல, ஒரு சிறு கணிப்பொறி மோட்டாரை அதற்கேற்ப இயக்கும். சாவி திருப்பியவுடன் ஸ்டியரிங் வடிவிலான விளக்கு எரிந்து, எஞ்சின் எழுந்தபின் அணைதல் வேண்டும். அணையாவிடின் துணை நின்றது. காரணம் பலகால் மிகச் சிறிது; பேட்டரி தளர்ந்து மின்னழுத்தம் குறைந்தது, அதன் முனையில் உப்புப் பூத்தது, பியூஸ் போனது, பூமித்தொடர்பு துருவேறியது என்பன. ஸ்கேனரை மாட்டினால் குறியீடு வரும். குறியீடு குற்றத்தின் திசையைக் காட்டுமேயன்றிக் குற்றவாளியைக் காட்டாது. மின்னழுத்தக் குறைவெனக் காட்டியதற்கு ஸ்டியரிங் தண்டினையே மாற்றியோர் உளர். நெருக்கடியான இடத்திற் பலமுறை கடைசிவரை திருப்பி வண்டியை நிறுத்தியபின் பாரமாகிச் சிறிதுநேரத்தில் இளகுமாயின், மோட்டார் சூடேறித் தன்னைத்தான் காத்துக்கொள்கின்றது; அது நோயே அன்று.

இவ்வளவும் பட்டறையார் அறியாதனவா? பலர் அறிவர். எம்மினும் நூறு மடங்கு அறிவர். சாலையோரத்து மரநிழலில் இருந்துகொண்டு ஓசையாலேயே பம்பையும் பேரிங்கையும் பிரித்தறியும் கிழவர்களை யாம் கண்டுள்ளோம். அறிந்தும் ஏன் செய்யார்? நாம் அதற்குக் கூலி கொடாமையால். வண்டியுடையார் ‘என்ன மாற்றினீர்’ என்று வினவுவர். ‘எவ்வாறு அறிந்தீர்’ என்று வினவார். பட்டறையார் ஒரு மணிநேரம் முயன்று தளர்ந்த கிளிப்பொன்றைக் கண்டு இறுக்கி, ஐந்நூறு ரூபாய் கேட்பாராயின், ‘ஒரு கிளிப்புக்கா ஐந்நூறு’ என்று தெருவே கூடும்படி சினக்கின்றோம். அதே வாயால், தேவையற்ற பம்பொன்றிற்குப் பல்லாயிரம் கேட்பின், புதிய பெட்டியைக் கண்ணாற் கண்ட மகிழ்ச்சியில் எண்ணிக் கொடுக்கின்றோம். மருத்துவர் நாடி பார்த்து ‘ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்’ என்றாலும் அவர்க்குரிய பணத்தைக் கொடுக்கும் நாம், வண்டியின் நாடி பார்த்தவர்க்கு மட்டும் கொடோம் என்பது எம் முறை? சிந்தனைக்கு விலையில்லாத சந்தையிற் பெட்டிகளே விற்பனையாகும். அதற்குப் பட்டறையாரை மட்டும் கள்வரென்றல் நடுநிலையன்று.

‘உறுப்பினை மாற்றிவிட்டால் கியாரண்டி உண்டு, நோய் தேடும் நேரத்தில் மூன்று வண்டிகளை முடித்துவிடலாம், உங்களுக்கும் விரைவு, எங்களுக்கும் விரைவு’ என்பது அவர்தம் மறுமொழி. இது முற்றும் பொய்யன்று. ஆயினும் காரணத்தை விட்டுக் காரியத்தை மாற்றுவது விரைவாகாது. பழைய பம்பு தேய்ந்து உதிர்த்த இரும்புத்துகள் எண்ணெயோடு வழியெங்கும் கிடக்கும். அதனைக் கழுவாது, வலையையும் மாற்றாது பூட்டிய புதிய பம்பு அத்துகளைத் தின்றே சாகும். கியாரண்டி பம்பிற்குண்டு, இரண்டாம் முறை கழற்றிப் பூட்டும் கூலிக்கும், இடையில் வாடகைவண்டி ஓட்டும் ஏழையின் வருவாய் நின்றதற்கும் எந்தக் கியாரண்டியும் இல்லை. தன் வண்டியை நம்பிக் குடும்பம் நடத்துவார்க்கு நான்கு நாள் என்பது சிறிதன்று.

உயிர்ப்பொருட்டு ஒன்று கூறவேண்டும். மலையிறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் நம் ஓட்டுநர் சிலரிடத்து உண்டு. கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள். ஆழியாற்றினின்று வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது. அவ்விடத்தே எஞ்சினை நிறுத்துவார், ஒரே கைத்திருப்பில் ஸ்டியரிங்கின் துணை, பிரேக்கின் துணை, கியரின் தடை மூன்றையும் இழக்கின்றார். சாவியை உருவிவிட்டால் அதனினும் கொடிது. மேலே ‘பூட்டாது’ என்று யாம் கூறிய ஸ்டியரிங், திருட்டைத் தடுக்க வைத்த பூட்டினாலேயே அப்போது மெய்யாகப் பூட்டிக்கொள்ளும். ஓடும்போது எஞ்சின் தானே நின்றுவிட்டாலோ, சாவியை உருவாது, இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, பிரேக்கினை விட்டுவிட்டு மிதியாமல் ஒரே முறையாக அழுத்திப் பிடித்து ஓரத்தில் நிறுத்துக. பிரேக்கின் துணை இரண்டொரு மிதிக்கே சேமித்திருக்கும்.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கல்லூரி வண்டிகட்கு ஓட்டக் குறிப்பேடு உளது. அதில் தூரமும் டீசலும் எழுதப்படுகின்றன. அவற்றின் அருகே மேலும் இரு பத்திகள் கோடிடுவிக்க வேண்டுகின்றோம். ஸ்டியரிங் எண்ணெய் எந்நாளில் எவ்வளவு ஊற்றப்பட்டது என்பது ஒன்று. ஓட்டுநர் அன்று கண்ட குறை, அவர் சொல்லிலேயே, ‘இடப்பக்கம் மட்டும் டைட்’, ‘மழையில் கீச்’ என்பன போல எழுதுவது மற்றொன்று. வண்டி பட்டறைக்குச் செல்லும்போது இவ்வேடும் உடன் செல்க. ஓட்டுநரும் உடன் செல்க. பட்டறைச் சீட்டில் உறுப்பின் விலைக்கு மேலே, சோதனைக்கென்று தனியே ஒரு வரி இருத்தல் வேண்டும். அவ்வரியிலுள்ள தொகையை நம் கணக்கர் அடித்துத் திருத்தாது கொடுத்தல் வேண்டும். கழற்றிய பழைய உறுப்பினையும் கேட்டு வாங்கி வருக. பௌதிகச் சாலைக்குப் பின்னேயுள்ள கொட்டகையில் இடம் உண்டு.